பாதியில் வெட்டிய சங்கீதம்

பென்னாகரத்துக்குப் பக்கத்தில் நாற்பது வீட்டுச் சபை ஒன்றுக்குப் பத்தொன்பது வருசமாக அருள்குமார்தான் உபதேசியார். பாஸ்டர் மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு வந்தால் பெரிசு. மணி அடிப்பது, ஜெபம் பண்ணுவது, செத்தவரை அடக்கம் பண்ணுவது எல்லாம் இவர் தலையில். டிசம்பர் வந்தால் இன்னொரு வேலையும் சேரும். வசனங்களை மஞ்சள் தாளில் பிரிண்ட் போட்டுக் கத்தரிக்கோலால் அட்டை அட்டையாக வெட்டவேண்டும். புது வருசத்துக் காலை ஆராதனையில் வீட்டுக்கு ஒருவர் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, உபதேசியார் கொண்டுவரும் தட்டிலிருந்து ஒன்றை எடுப்பார்கள். அதுதான் வாக்குத்தத்த அட்டை. அதில் என்ன வசனமோ, அந்த வருசம் அந்த வீட்டுக்குக் கடவுள் கொடுத்த வாக்கு அது. டிவி மேல் ஒட்டுவார்கள், லேமினேட் பண்ணி வண்டிச் சாவியில் மாட்டுவார்கள்.

வசனம் பொறுக்குவதில் மனுசன் கெட்டிக்காரர். வேதாகமத்துச் சங்கீதப் பாட்டுகளில் இனிப்பாக இருப்பதை மட்டும் எடுப்பார். அழுகை, ஆத்திரம், புலம்பல் எதையும் தொடமாட்டார். வருசம் பிறக்கும்போதே ஒரு வீட்டுக்கு அழுகையைக் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்பார். எண்பத்தொன்பதாம் சங்கீதத்தில், தாவீதோடு பண்ணின உடன்படிக்கையை மீறமாட்டேன், சொன்ன சொல்லை மாற்றமாட்டேன் என்று கடவுள் அடித்துச் சொல்கிற இடம் ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டார். நாலே வசனம் தள்ளி அதே பாட்டுக்காரன், நீர்தானே அதை உதறிவிட்டீர் என்று கடவுளின் சட்டையைப் பிடிக்கிறான். அதை இவர் அப்படியே விட்டுவிட்டார்.

போன வருசத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் வாரம், பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்த முனிராஜ் மூணாவது மாடியிலிருந்து விழுந்தான். இருபத்திமூணு வயசு. வலது கால் நசுங்கிவிட்டது. அவன் அம்மா ஜாஸ்மின் புளி தட்டிப் பிழைக்கிறவள், புருசன் இல்லை, இந்த ஒரே பிள்ளைதான். அவனைத் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். புது வருசத்தன்று, ஆராதனை முடிகிற நேரத்துக்குத்தான் பஸ் பிடித்து ஓடிவந்தாள். தட்டில் மூணு அட்டை மிச்சம் இருந்தது. அவள் முகத்தை அருள்குமார் பார்த்தார். அவள் கண்ணை மூடி ஜெபிக்கிற நேரத்தில் ரெண்டு அட்டையை எடுத்துச் சட்டை ஜோபியில் போட்டுக்கொண்டார். தட்டில் ஒன்றே ஒன்றுதான் கிடந்தது. கடவுள் சொல் மாறமாட்டார் என்கிற அந்த அட்டை.

அவள் எடுத்துப் படித்தாள். "என் பையன் நடப்பான்" என்று சபை நடுவில் சத்தமாகச் சொன்னாள். எல்லோரும் அல்லேலூயா போட்டார்கள், அருள்குமாரும்தான். பாவம் பார்த்துத்தான் செய்தார். ஆனால் கடவுள் பேசவேண்டிய இடத்தில் இவர் பேசிவிட்டாரே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, போனார். முனிராஜ் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தான். ஜாஸ்மின் கையில் அந்த அட்டை.

"கால எடுக்கணும்ங்கறாங்க உபதேசியாரே. இல்லாட்டி விஷம் ரத்தத்துல ஏறிடுமாம். கர்த்தர் மாறமாட்டேன்னு சொல்லியிருக்காரு, நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? நீங்களே சொல்லுங்க."

ஒரு வார்த்தை போதும். அம்மா, அந்த அட்டையை வைத்தது நான், கையெழுத்துப் போடு என்று சொல்லியிருந்தால் போதும். அடப்பாவி மனுசா, அந்த ஒரு வார்த்தை வரவில்லையே! பத்தொன்பது வருச மரியாதை குறுக்கே வந்து நின்றது.

"கர்த்தர் பாத்துக்குவாரும்மா" என்றார்.

டாக்டர்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் எழுதிக்கொடுத்துவிட்டு அவள் மகனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சபையே முறை போட்டு ஜெபித்தது. ஒன்பதாம் நாள் விடிந்ததும் முனிராஜ் செத்துப்போனான். குழிமேட்டில் நின்று ஜெபம் பண்ணவேண்டியவர் அருள்குமார்தான். குரல் வரவில்லை. துக்கம் தாளவில்லை போல என்று ஊர் உச்சுக்கொட்டியது.

அடுத்த வாரம் அவள் வீட்டு வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஜோபிக்குள் போட்ட ரெண்டு அட்டையையும் எடுத்து நீட்டினார். ஜாஸ்மின் புளி தட்டுவதை நிறுத்தவில்லை. கொட்டையைத் தனியாக, சுளையைத் தனியாகப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"போயிடுங்க" என்றாள் கடைசியில்.

அதன் பிறகு அவள் கோயில் படி ஏறவில்லை. அருள்குமார் பாஸ்டரிடமும் சொன்னார். இதை வெளியே பேசாதீங்க, சபை உடைஞ்சிடும் என்றார் பாஸ்டர். டிசம்பர் வந்தது. இந்த வருசம் அட்டை வேண்டாமே என்று கேட்டுப் பார்த்தார். ஜனங்கள் ஏங்கிப்போவார்கள் என்று பாஸ்டர் விடவில்லை. மறுபடி வெட்டினார். ஓரமெல்லாம் கோணலாக வந்தது.

இந்தப் புது வருசத்தன்று முதல் மணி அடிக்கும்போதே ஜாஸ்மின் வந்து பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தட்டு வந்தது. பிடித்திருந்தவர் அருள்குமார். அவள் கண்ணை மூடவில்லை. மடியிலிருந்த வேதாகமத்தைத் திறந்து அவரிடம் நீட்டினாள். எண்பத்தொன்பதாம் சங்கீதம். நடுவில் அந்த மஞ்சள் அட்டை, ஓரமெல்லாம் நைந்து இருந்தது.

"இத முழுசாப் படிங்க. பாதியில நிறுத்தாதீங்க."

தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சபைக்குக் கேட்கப் படித்தார். சத்தியம் பண்ணின இடம் வந்தது, தாண்டினார். உடன்படிக்கை உதறப்பட்ட இடமும் கிரீடம் மண்ணில் கிடந்த இடமும் வந்தன. பிறகு, அன்றைக்குத் தாவீதுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்த அன்பெல்லாம் எங்கே போனது என்று பாட்டுக்காரன் கேட்கிற இடம். அன்றைக்கு வந்திருந்த பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அருள்குமாருக்குக் கண்ணீர் வழிந்து எழுத்து மங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசியில் ஆமென் என்று இருந்தது. அதை அவரோடு சேர்ந்து சொன்னவள் ஜாஸ்மின் மட்டும்தான்.

அவள் வேதாகமத்தை வாங்கிக்கொண்டாள். தட்டை எடுத்து மறுபடி நீட்டினார், வேறென்ன செய்வதென்று தெரியாமல்.

"புதுசு எனக்கு வேணாங்க" என்றாள். "பழசே இன்னும் முடியல. தட்டுல வச்சது நீங்கதான், ஆனா அதுல இருக்கற சொல்லு அவரோடது. உங்கள நான் மன்னிக்கல. அவரையும் விடப்போறதில்ல, கேட்டுட்டேதான் இருப்பேன்."

பழைய அட்டையை அதே பக்கத்தில் வைத்து மூடினாள். அருள்குமார் தட்டோடு அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.