டிராவில் முடிந்த பெண் பார்க்கும் நாள்

போன வாரம் பழைய இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றியபோது, அதில் படிந்திருந்த தூசி கருகி ஒரு வாசனை வந்தது. சட்டென்று எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டு வால்வு ரேடியோ நினைவுக்கு வந்துவிட்டது. திருகியவுடன் அது பேசாது. முதலில் சூடாகும், இந்த வாசனை வரும், அப்புறம்தான் குரல். அந்தக் குரல் பெரும்பாலும் கெட்ட செய்திதான் சொல்லும்.

அறுபதுகளில் நம் கிரிக்கெட் அணி தோற்பது ஒரு செய்தியே இல்லை. கோர்ட்டு குமாஸ்தாவான அப்பா ஒவ்வொரு தோல்விக்கும், இனி இந்தப் பசங்க பேச்சையே எடுக்கக் கூடாது என்பார். அடுத்த மேட்சுக்கு முதல் நாளே ஏரியல் கம்பியைச் சரிசெய்ய ஏணி தேடுவார். வர்ணனை இங்கிலீஷில் வரும். அந்த வேகம் அவருக்குப் பிடிபடாது. கான்வென்ட்டில் படித்த நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வேன். அப்படித்தான் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது.

அம்மாவுக்கு இது பெரிய கவலை. நெல்லிக்குப்பத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள், பொண்ணு ஜாஸ்தி பேசுது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பேசியது கிரிக்கெட்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால் சிதம்பரத்திலிருந்து அடுத்த வரன் வந்த அன்று, ரேடியோமேல் துணியைப் போர்த்தி, வாயைத் திறக்கமாட்டேன் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். போதாத காலம், அன்று ஒரு டெஸ்ட்டின் கடைசி நாள். சாயங்காலம்வரை பத்தாவது விக்கெட் விழாமல் நம்மவர்கள் நின்றால் தோல்வி இல்லை. வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை துணிக்குள் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் நான் உள்ளே ஓடினேன்.

மாப்பிள்ளையின் அப்பா ரைஸ் மில் மேஸ்திரி. குடையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபி கொடுத்துவிட்டு நின்றேன். பெரியவர் அப்பா பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் கேட்டார்.

"பஸ் ஏறும்போது ஆறு விக்கெட்டு போயிருந்துச்சு. இப்ப எப்படின்னு தெரியுங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"எட்டு போயிடுச்சு மாமா. இன்னும் அரை மணி நேரம் நிக்கணும்" என்றேன் நான்.

சத்தியமும் போனது, சம்பந்தம் முடிவாகும் முன்பே மாமா என்றும் கூப்பிட்டாகிவிட்டது. மாப்பிள்ளை முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்த வரனும் போச்சு என்றுதான் நினைத்தேன். பெரியவரோ எழுந்துபோய் ரேடியோமேல் கிடந்த துணியை அவரே எடுத்தார்.

அந்த அரை மணி நேரமும் பந்துக்குப் பந்து தமிழில் சொன்னேன். ஒன்பதாவதும் விழுந்தது. நெல் மூட்டை தூக்கக்கூட லாயக்கில்லாத ஆளுங்க என்று பெரியவர் திட்டினார். திட்டிக்கொண்டே குடைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கினார். அம்மாகூடக் கதவோரம் வந்து நின்றுவிட்டாள். கடைசிப் பந்தையும் தடுத்துவிட்டார்கள். டிரா.

பெரியவர் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"பொண்ண எங்க வூட்டுக்கு அனுப்பிடுங்க. எங்க ரேடியோ சொல்றதும் எனக்குப் புரிய மாட்டேங்குது."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அம்மா சமையலறைக்குள் போய், அத்தனை நாள் கவலையும் தீர அழுதுவிட்டு வந்தாள்.

அப்பாவும் மாமனாரும் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அன்று தரையையே பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் இப்போது இல்லை. நம் அணி நாடு நாடாய்ப் போய் ஜெயிக்கிறது; எனக்குச் சந்தோஷம்தான். சமீபத்தில் ஒரு மேட்ச் டிராவானபோது, "வெறும் டிராதான் அத்தை" என்று மருமகன் டிவியை அணைத்துவிட்டார். தோற்காமல் தப்பித்ததற்கே நெஞ்சு நிறைந்துபோன ஜனங்களை இப்போது எங்கே பார்ப்பது?