கூட்டினால் எட்டு

என் சம்பளத்தில் வாங்கிய ஸ்கூட்டருக்கு 7919 என்று எண் வந்தது. அண்ணன் உடனே கூட்டிப் பார்த்தான். இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு, சனியின் எண். எங்கள் ஊரில் பிரேக் இல்லாத வண்டியைக்கூட ஓட்டுவார்கள், எட்டு வந்த வண்டியைத் தொடமாட்டார்கள். வண்டியை விற்றுவிட வேண்டும், அதுவரை நான் பஸ்ஸில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எனக்குக் கோபம் வண்டிக்காக மட்டும் இல்லை. நான் பிறந்ததும் ஒரு இருபத்தாறாம் தேதி. மார்த்தாண்டத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் அதைக் கூட்டிப் பார்த்தார்கள். அன்று வாயை மூடிக்கொண்டு தம்ளர்களைக் கழுவினேன். கணிதத்தில் பட்டம் வாங்கியவள், நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இந்த முறை பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். 7919ஐ ஒன்பதால் வகுத்தால் எட்டு மிஞ்சும். இவர்கள் கூட்டிக் கூட்டிக் கண்டுபிடித்தது அந்த மீதியைத்தான், சனிக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. பிறகு இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்தேன். எண்பத்தொன்பதை அதே எண்ணால் பெருக்கினால் 7919ஐத் தாண்டிவிடும் என்பதால் எண்பத்து மூன்று வரை போனால் போதும். இருபத்து மூன்று வகுத்தல்கள். ஒன்றுக்கும் மசியவில்லை. போனில் தேடினேன். பகா எண்களை வரிசையாக நிறுத்தினால் இது சரியாக ஆயிரமாவது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காலையில் அண்ணன் ஒரு வழியோடு வந்தான். நம்பர் பிளேட்டில் மாவட்டத்துக்கான 74ஐயும் சேர்த்தால் முப்பத்தேழு, கடைசியில் ஒன்று, சூரியன். அம்மாவுக்கும் முகம் தெளிந்தது.

"ஒண்ணுண்ணே வச்சுக்கிடு மக்கா. நீ ஓட்டு, நானும் பெறத்த ஏறி இருந்து வாறேன்," என்றாள்.

தலையாட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை.

"எட்டுதான். எட்டுண்ணே ஓட்டுகேன். நான் பொறந்த தேதிக்கு எதக் கூட்டி ஒண்ணாக்குவிய?"

அம்மா துணிப்பையை எடுத்துக்கொண்டு, அஞ்சுகிராமத்தில் ஒரு வளைகாப்புக்குப் பஸ் ஏறினாள். நான் சாவியை எடுத்தேன். வழி முழுக்க அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே போனேன். ஜன்னலோரம் இருந்த அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அவள் இறங்கியபோது வண்டியை அருகில் கொண்டுபோய் நிறுத்தினேன். நம்பரை ஒரு தடவை பார்த்தாள். ஏறவில்லை. துணிப்பையை மட்டும் வண்டியின் கொக்கியில் மாட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.