எனக்கு இவ, இவளுக்கு நான்

கண் அறுவை சிகிச்சைக்கு வரும் முதியவர் ஒவ்வொருவரும் உடன் தங்க ஒரு துணையாளை அழைத்து வர வேண்டும் என்பது விதி. ஓய்வுபெற்ற பிறகு, மதுரையில் நடந்த இலவசக் கண் முகாம் ஒன்றில் வருபவர்களின் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தேன். வேலையிலிருந்துதான் ஓய்வு, விதிகளிலிருந்து அல்ல.

செல்லூர் குடிசைப் பகுதியிலிருந்து இட்லிக்கடை பேச்சியம்மாளும் கீரை விற்கும் மாயக்காளும் கைகோத்து வந்தார்கள்.

“துணை யாரு?”

“எனக்கு இவ, இவளுக்கு நான்,” என்றாள் பேச்சியம்மாள்.

“ரெண்டு பேருக்குமே கண்ணு தெரியாதே ஆத்தா!”

“எனக்கு எடது கண்ணு கொஞ்சம் தெரியும், இவளுக்கு வலது. வந்து சேந்துட்டோம்ல?”

“மகன் இல்லையா?”

“இருக்கான்யா. கூட்டியாந்தா, பார்வ போச்சுன்னு கடைய மூடி வீட்டோட ஒக்கார வச்சிருவான். பெறகு ஒருவாய் காப்பிக்கும் மருமக மொகத்தப் பாக்கணும்.”

“அதப் பாக்கவாடி கண்ணு ஆப்பரேசன்?” என்றாள் மாயக்காள்.

வரிசையே சிரித்தது. மகன் வீட்டில் காப்பிக்குக் காத்திருக்கும் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. விதியை மறுபடி படித்தேன். நோயாளி துணையாளாக இருக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதிவிட்டு, இருவரையும் பதிந்துகொண்டேன்.

கட்டுப்போட்ட பேச்சியம்மாளுக்கு மாயக்காள் கஞ்சி ஊட்டினாள். அடுத்த வாரம் முறை மாறியது. துணை என்றால் நம்மைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

இருவரும் தடித்த கண்ணாடியோடு மறுபடி கடை போட்டு வெகுநாள் கழித்து, மேலிடத்திலிருந்து ‘அனுமதி இல்லை’ என்ற பதில் வந்து சேர்ந்தது.