சாந்தாமணியின் கட்டைவிரல் நகம்

இலையின் மேல்பக்கத்தைச் சாந்தாமணி பார்ப்பதே இல்லை. திருப்பி, நடுநரம்பை ஒட்டிக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறுவார். பழுப்புச் செதில் காய்ந்த பொருக்காக உதிர்ந்தால் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார். நகத்தில் ஈரம் பட்டால் பூச்சிக்கு உயிர் இருக்கிறது; அந்தச் செடி அடுப்புக்குப் போகும்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் கொய்யாவும் செம்பருத்தியும் குரோட்டன்ஸும் விற்கும் நர்சரி அவருடையது. வேறு பூச்சிகளுக்கு அவர் அஞ்சுவதில்லை. "புழுன்னா கடிச்ச தடம் தெரியுமுங்க. இந்தச் செதில்பூச்சி பொறந்ததும் ஒரு நடை நடக்கும். அப்பறம் புடிச்ச எடத்துல முதுகுமேல ஓடு கட்டிக்கிட்டு உக்காந்துக்கும். மருந்தே எறங்காது. மரம் காயற வரைக்கும் சத்தமில்லீங்க."

குஞ்சுகள் தூசியளவுதான், சேலையில் ஒட்டிக்கொண்டும் வந்துவிடும். அதனால் யாருடைய தோட்டத்துக்குப் போய்வந்தாலும், இழவு வீட்டுக்குப் போனவரைப் போலத் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகே நர்சரிக்குள் கால் வைப்பார். "எம்பட ஊட்டுக்காரிக்குத் தெனமும் ஒரு எழவுங்க" என்பார் கணவர் சுப்பண்ணன்.

பயமெல்லாம் மூலையில் நிற்கும் தாய்க்கொய்யாவுக்காக. அவர் விற்கும் கொய்யாக்கன்றுகள் அத்தனையும் அதன் கிளைகளில் பதியம் போட்டு எடுத்தவை. அதற்குப் பூச்சி வந்தால் ஊரெல்லாம் போகும்.

அன்று காலை அந்த மரத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. செதில்பூச்சி கசியவிடும் இனிப்புக்குத்தான் எறும்பு அப்படி வரிசை கட்டும். சாந்தாமணி அண்ணாந்து பார்த்தார். கவட்டையில், இலையோடு சேர்த்துக் கட்டிய அரளி மாலை ஒன்று சருகாகத் தொங்கியது.

"இதை ஆருங்க இங்க போட்டது?"

"நாந்தான் அம்மணி. நோம்பிக்கு அம்மனுக்குப் போட்ட மாலை. குப்பையில எறிய மனசு வல்லே. சோறு போடற மரமாச்சேன்னு சாத்திப்போட்டேன்."

"மாலைக்குத் தலைக்கு ஊத்துனீங்களா?"

சுப்பண்ணன் சிரித்தார். சாந்தாமணி சிரிக்கவில்லை.

மாலையை ஒட்டிய கிளையில் இலைகள் பிசுபிசுத்தன; சிலவற்றில் கரி போலப் பூசணம் படிந்திருந்தது. ஒன்றைத் திருப்பினார். நகம் உடனே இறங்கவில்லை. பிறகு கீறினார். மஞ்சளாக ஈரம் படர்ந்தது.

"ஒரு கெளைதானே, வெட்டிப்போட்டா ஆச்சு" என்றார் சுப்பண்ணன், குரல் இறங்கி.

"நோம்பிக்கு அப்பறம் வித்த கன்னுங்க?"



வாசலில் கார் வந்து நின்றது. "ஏனுங்கக்கா, கொய்யாக்கன்னு இருக்குதுங்களா?" என்றபடி ஒரு பெண் இறங்கினாள். சாந்தாமணி பூச்சி நசுங்கிய கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி விரைந்து போய், காலாலேயே கேட்டைத் தள்ளிச் சாத்தினார்.