பாடாத சரணத்துக்கு ஒன்ஸ் மோர்

எனக்கு இசை நாடகப் பைத்தியம். ரசிகை என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் என் கணவர் வைத்த பெயர் பைத்தியம், அதுவே இருந்துவிட்டுப் போகட்டும். பெங்களூரில் எந்த மூலையிலாவது ஹார்மோனியம் வைத்து, முகத்துக்குச் சாயம் பூசி, நின்று பாடி நடிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். பெரும்பாலும் கன்னட நாடகங்கள். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் பிறந்து வளர்ந்தது இதே ஊரில், அடுகோடியில் என்பதால் எனக்குக் கன்னடத்தில் சண்டை போடவும் தெரியும், அழவும் தெரியும்.

சினிமா போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. சினிமாவில் கதாநாயகி நேற்று பாடியது மாதிரியேதான் இன்றும் பாடுவாள், நான் செத்த பிறகும் அப்படியே பாடுவாள். மேடையில் பாடுகிறவளுக்கு ஒரு நாள் தொண்டை கட்டியிருக்கும், ஒரு நாள் மாமியார் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அதெல்லாம் பாட்டில் தெரியும். அப்புறம் ‘ஒன்ஸ் மோர்’ இருக்கிறது. பாட்டு பிடித்துப்போனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ‘ஒன்ஸ் மோர்’ என்று குரல் கொடுக்கலாம். கொடுத்தால், குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கிற ராஜாகூட எழுந்து உட்கார்ந்து, பாட்டை மறுபடி முழுசாகப் பாடிவிட்டு, மறுபடி செத்துப்போவார். பழைய கம்பெனி நாடகங்களின் வழக்கம் அது. எங்களுக்குப் பிடித்தமான குழு ஒன்று அதை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது.

பேங்க்கில் வேலை செய்கிறவர்கள், டீச்சர்கள், ஒரு பல் டாக்டர் என்று எல்லாரும் சாயங்காலங்களில் ஒத்திகை பார்த்து நடத்துகிற குழு. அவர்களுக்கு என் பெயர் தெரியாது, ‘ஒன்ஸ் மோர் ஆன்ட்டி’ என்றால்தான் தெரியும். மூன்றாவது வரிசையில் இடது பக்கம், ஹார்மோனியக்காரருக்கு நேர் எதிரே என் இடம். அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிட எனக்குக் கூச்சம் கிடையாது.

என் கணவரும் கூட வருவார். அடுகோடியில் சின்னதாக ஒரு டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் உண்மையைத் தவிர வேறு வராத மனுஷன். கேட்க நன்றாக இருக்கும், கூட வாழ்ந்து பார்த்தால் தெரியும். ஆசையாக வண்டியைக் கொண்டு வருகிறவனிடம் ‘இத எடைக்குப் போட்டுடு’ என்பார். புதுப் புடவை கட்டிக்கொண்டு எதிரில் போய் நின்றால், ‘உனக்கு எடுப்பா இல்ல’ என்பார். என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சாம்பார் எப்படி என்று சமையல்காரர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். இவர் சொன்ன பதிலில் பந்தியில் பாதிப்பேர் கையை நிறுத்திவிட்டார்கள்.

“ஒரு பேச்சுக்காவது நல்லா இருக்குன்னு சொன்னா இன்னாய்யா?” என்று அன்றைக்கு நான் பிடித்துக்கொண்டேன். நாலு பேர் முன்னால் ‘ஏங்க’ என்று கூப்பிட்டாலும் தனியாக இருக்கும்போது ‘யோவ்’தான்.

“இல்லாதத இருக்குன்னு எப்டிமே சொல்றது?” என்றார். 

நாடகத்துக்கு வந்தாலும் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொள்வார். டிக்கெட் வாங்கித் தூங்குகிற ஒரே ஆள் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் கேலி செய்வேன். அவர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார்.

அந்தக் குழுவின் நாடகங்களிலேயே எனக்கு உயிர், ஒரு படகோட்டியின் மனைவியைப் பற்றியது. வெள்ளத்தில் போன புருஷன் திரும்பவில்லை. படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறவன் அவளைக் குடிசையைவிட்டுத் துரத்தப் பார்க்கிறான். கரையில் உட்கார்ந்து அவள் ஒரு பாட்டுப் பாடுவாள். முதல் சரணத்தில் ஆற்றைக் கெஞ்சுவாள். இரண்டாவதில் அழுவாள். மூன்றாவதில் ஆற்றைத் திட்டி நாறடித்துவிடுவாள். கெஞ்சுவதையும் அழுவதையும் எத்தனையோ நாடகத்தில் பார்த்தாயிற்று. ஆற்றைப் பார்த்து ‘நீயெல்லாம் ஒரு தாயா’ என்று ஒருத்தி கேட்டு, அதைத் தாளத்தில் கேட்பது இருக்கிறதே, அதற்காகவே அந்த நாடகத்தை எத்தனை முறை போட்டாலும் போவேன். அந்தச் சரணம் வரும்போது நானும் கண்ணை மூடிக்கொள்வேன். அவர் தூங்க மூடுவார், நான் கேட்க மூடுவேன் என்று பெருமை வேறு.

போன வருஷம் மழைக்காலம் தொடங்குகிற சமயம். அதே நாடகம், அதே இடம். பாட்டு வந்தது. கெஞ்சினாள், அழுதாள். நான் கண்ணை மூடினேன். மூன்றாவது சரணம் கணீரென்று வந்தது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. இவ்வளவு நன்றாக அவள் பாடி நான் கேட்டதே இல்லை. கடைசி வரி முடிந்ததும் தாங்க முடியாமல் கத்தினேன்.

“ஒன்ஸ் மோர்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கண்ணைத் திறந்தால் மேடை நடுவில் குத்தகைக்காரன் நிற்கிறான், ஏதோ வசனத்தின் பாதியில். அந்த வேஷம் போடுகிறவர்தான் பல் டாக்டர். பாவம், அவருக்கு யாரும் அதுவரை ஒன்ஸ் மோர் கேட்டதில்லை போலிருக்கிறது. முகமெல்லாம் மலர்ந்து, என் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, மீசையை இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கி, அந்த வசனத்தை முதலிலிருந்து சொன்னார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். பாட்டு முடியும் முன்னாலேயே இந்த ஆள் ஏன் உள்ளே வந்தார் என்று எனக்குக் கோபம் மட்டும் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கணவரிடம் அதைத்தான் சொன்னேன். மூணாவது சரணம் அமிர்தமாக இருந்தது, அந்த டாக்டர் வந்து கெடுத்துவிட்டார் என்று.

“மூணாவது சரணம் பாடவே இல்லியே,” என்றார்.

“தூங்கிட்டு இருந்தவருக்கு எப்படித் தெரியும்?”

“நான் என்னைக்குமே தூங்கினது இல்லமே. கண்ண மூடிக்கினு கேப்பேன். அந்தப் பொண்ணு ரெண்டோட நிறுத்திட்டு இருமிச்சி. அப்பால அந்தாளு வந்து பேச ஆரமிச்சிட்டான்.”

சண்டை போட்டேன். பஸ் வந்து, ஏறி, அடுகோடியில் இறங்கும்வரை போட்டேன். இத்தனை வருஷம் தூங்காமலா தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார் என்பது ஒரு பக்கம், இல்லாத பாட்டைக் கேட்டேன் என்கிறாரே என்பது இன்னொரு பக்கம். அவர் பொய் சொல்லத் தெரியாத ஆள் என்பது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அதே நாடகம் இன்னொரு தடவை இருந்தது. ஆரம்பிக்கும் முன்பே ஹார்மோனியக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குத் தொண்டை சரியில்லையாம், அதனால் கடைசிச் சரணத்தை எடுத்துவிட்டார்களாம். நான் ஒன்ஸ் மோர் கேட்டது அதைப் பாடச் சொல்லித்தான் என்று அவர்களுக்குப் புரிந்ததாம், டாக்டர்தான் தனக்கென்று நினைத்துக்கொண்டாராம். “தப்பு திள்கோபேடி ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க, தொண்டை சரியானதும் உங்களுக்காகவே பாடச் சொல்றேன்,” என்றார். அப்படியானால் பாடாததைத்தான் நான் கேட்டிருக்கிறேன். அன்று நாடகம் பார்க்காமல் திரும்பிவிட்டேன், வாழ்க்கையில் முதல் தடவையாக.

நான் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் பேக்டரியில் வேலை செய்கிறேன். பெரிய ஹாலில் வரிசை வரிசையாகத் தையல் மிஷின்கள், காதைப் பிளக்கிற இரைச்சல். அங்கே யாரும் யாரையும் காதால் கேட்பதில்லை. உதட்டைப் பார்ப்போம், புருவத்தைப் பார்ப்போம், கையைக் காட்டுவோம். சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு மூக்கைத் தொட்டால் போதும். அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குக் காது கேட்காமல் போனால் யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியாது. வீட்டில் கணவரின் குரல் கட்டைக் குரல், அது எனக்குக் கேட்டது. டிவி கேட்கவில்லை என்றால் டிவியைத் திட்டினேன். பாட்டு மட்டும் என்றைக்கும் குறையவில்லை, ஏனென்றால் எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம். மேடையிலிருந்து வராததை நானே போட்டு நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை வருஷமாக என்று தெரியவில்லை.

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். வெளியே இருந்த பெண் கதவைத் திறந்து, “மேடம், நான் சத்தமே குடுக்கல, ஏன் அழுத்திக்கிட்டே இருக்கீங்க?” என்றாள். எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் நிஜமாகவே கேட்டது.

கூர்மையான சத்தங்கள் எனக்கு அநேகமாகப் போய்விட்டன என்று டாக்டர் சொன்னார். ராகம் கேட்கும், ஆனால் சொற்களின் ஓரங்கள் கேட்காது. போனது திரும்பி வராது, காதில் மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சுக்கு உதவும். வைத்துக்கொண்டேன். பேச்சுக்கு உதவுகிறது. நாடகத்துக்கு வைத்துக்கொண்டு போனால் ஹார்மோனியம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, பின்வரிசையில் சிப்ஸ் பாக்கெட் பிரிப்பது காதுக்குள்ளேயே பிரிப்பது போல இருக்கிறது. கழற்றி பர்ஸில் போட்டேன்.

டிசம்பரில் குழு புதிதாக ஒரு நாடகம் போட்டது. முதல் காட்சிக்கே போனேன். எல்லாம் புதுப் பாட்டு, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆ, ஓ, ஏ என்று ராகங்கள் வந்தன, போயின. யார் அழுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள், ஒரு சொல் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒன்ஸ் மோர் கேட்டார்கள். ஒன்ஸ் மோர் ஆன்ட்டி சும்மா உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் கணவர் வடை வாங்கி வந்து கொடுத்தார். “புரியலையா?” என்றார். “புரியல,” என்றேன். “போலாமா?” என்றார். எழுந்து வந்துவிட்டோம். இனிமேல் எனக்குப் புதுப் பாட்டு என்று ஒன்று கிடையாது என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். இருக்கிற பழசையாவது யாரும் பிடுங்காமல் இருந்தால் சரி என்று தோன்றியது.

பிப்ரவரியில் படகோட்டி நாடகம் திரும்ப வந்தது. மூன்றாவது சரணம் உண்டு என்று ஹார்மோனியக்காரர் போன் செய்து சொன்னார். மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மூன்றாவது வரிசை, இடது பக்கம். கணவர் வழக்கம்போல் கண்ணை மூடித் தலையைச் சாய்க்கவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

பாட்டு வந்தது. கெஞ்சினாள், அழுதாள். எனக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. மூன்றாவது சரணம் தொடங்கியது. ஆற்றைத் திட்டினாள். நீயெல்லாம் ஒரு தாயா என்றாள். நிறுத்தாமல் திட்டினாள். ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது, அதனால்தான் பயம் வந்தது. கணவர் பக்கம் சாய்ந்தேன்.

“ஏங்க, இப்ப பாடறாளா?”

காதுக்குப் பக்கத்தில் வந்து அந்தக் கட்டைக் குரலில் சொன்னார்: “பாடறா. நல்லா பாடறா.”

நிம்மதியாகக் கண்ணைத் திறந்தேன். படகோட்டியின் மனைவி கரையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குத்தகைக்காரன் மேடை நடுவில் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான். ஹார்மோனியக்காரர் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சரணத்தைப் பாடி முடித்துவிட்டாளா, பாடவே இல்லையா, எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிஷம் அவள் பாடவில்லை, அது மட்டும் தெரிந்தது.

கணவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல், இன்றைக்குக் கண்ணையும் மூடாமல், மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாம்பாருக்காக, ஒரு புடவைக்காக, ஒரு பழைய ஸ்கூட்டருக்காகப் பொய் சொல்லாத மனுஷன். இவரே பொய் சொல்ல வேண்டிய இடத்துக்கு நான் வந்துவிட்டேனா? டாக்டர் சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினேன். சரணம் இன்னும் முடியவில்லை.