குழந்தைச் சட்டைக்குப் பதில்

இன்று எங்கள் ஊர் காஜா பேராங் மாதா கோயிலில், ஏழைக் குழந்தைகளுக்குச் சட்டை தைக்கப் பெண்கள் வழக்கம்போல் கூடினோம்.

பங்குச் சாமியார் வெள்ளைத்துணி மூட்டைகளை இறக்கினார். “சட்டை போதும்மா. காயத்துக்குக் கட்டுற மாதிரி கிழிச்சுச் சுருட்டுங்க. ஆஸ்பத்திரியில கேக்குறாங்க.”

“இவ்வளவும் யாருக்கு சாமி?” என்றேன்.

அவர் அடுத்த மூட்டையை அவிழ்த்தார்.

கடலோரக் கிளேபாங்கிலிருந்து சட்டைக்காக வந்திருந்த நிறைமாதக்காரி, “அக்கா, என் பிள்ளைக்கு இல்லையா?” என்றாள்.

சாமியார் கண்ணெதிரிலேயே அந்தத் துணியில் ஒரு சட்டை வெட்டித் தைத்துக் கொடுத்தேன். அவர் தடுக்கவில்லை. அவளிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “கடலோரத்துல இருக்காதம்மா. கடலை விட்டு உள்ள தள்ளிச் சொந்தக்காரங்க இருந்தா அங்க போயிரு.”

நான் மிச்சத் துணியைக் கிழிக்கத் தொடங்கினேன்.

யுத்தம் இங்கே வராது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள் வெள்ளைக்காரத் துரைமார். உங்கள் ஊர்ப் பங்குக் கோயிலில் இந்த வாரம் என்ன தைக்கச் சொன்னார்கள்? எழுதுங்கள்.