அக்னி மூலையில் ஒரு தண்ணீர் டப்பா

என் கார் சம்பந்தியின் பட்டு வேட்டியில் மஞ்சள் தண்ணீரைக் கொட்டிய நாளில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. பெரம்பலூரில் என் தங்கையின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா விக்கிரமங்கலத்துக்காரர். நிலபுலன் உள்ளவர், பேச்சில் நிதானமானவர், உடுப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. நானோ அரியலூரிலிருந்து என் கையாலேயே கட்டிய கூரையில்லாத காரில் போய் இறங்கினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அவரும் வந்தார்.

"பானெட்டத் தொறங்க, உள்ள என்னதான் வச்சிருக்கீங்கன்னு பாப்போம்" என்று குனிந்தார்.

திறந்தேன். கூலண்ட் டப்பாவின் மூடி படாரென்று தெறித்தது. ரேடியேட்டரில் சின்னக் கசிவு இருந்ததால், டிரைவர்கள் எல்லோரும் செய்வதைப்போல நானும் அதில் ஒரு கைப்பிடி மஞ்சள்தூள் போட்டிருந்தேன். அத்தனையும் பொங்கி அவர் வேட்டியில் விழுந்தது. மடிப்பு கனமாக இருந்ததால் கால் தப்பியது. கூட்டத்தில் யாரோ, "கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க, தாய்மாமனுக்கு அதுக்குள்ள அவசரம்" என்றார்கள். தெரு முழுக்கச் சிரித்தது. சம்பந்தி சிரிக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறலாமா என்றிருந்தது. வெந்நீர் சொட்டும் காரை விட்டுவிட்டுப் போனால் தங்கை மூஞ்சியில் எப்படி முழிப்பது என்று நின்றேன்.

இத்தனைக்கும் என் மருமகள், அதாவது தங்கை மகள், இந்தக் கல்யாணத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை அழைப்பு மாமாவின் காரில் நடக்க வேண்டும். நகை, புடவை எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. கல்லூரியில் படித்த காலத்தில் லீவுக்கு வந்தால் என் கொட்டகையில்தான் கிடப்பாள். அந்தக் காரிலேயே ஓட்டவும் கற்றுக்கொண்டாள். சம்பந்தி மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "கார் வரட்டும். பின்னாடியே திருச்சியிலேருந்து வாடகைக் கார் ஒண்ணும் வரும். உங்க வண்டி நடுவுல நின்னுச்சுன்னா, மாப்பிள்ளைய அதுல ஏத்திக்குவோம். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஊர்வலத்தில் என் காருக்குப் பின்னால் மாற்றுக் கார்! தாய்மாமனுக்கு இதைவிட ஒரு மரியாதைக் குறைச்சல் உண்டா? அதைவிட, நடுத்தெருவில் மாப்பிள்ளை இறங்கி வேறு காரில் ஏறினால் என் மருமகள் முகம் என்ன ஆகும் என்பதுதான் என்னை அரித்தது. புகுந்த வீட்டில் முதல் நாளே அவளுக்கு அது ஒரு பேச்சாகிவிடும்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அது. எஞ்சின் ஒரு பழைய வேனுடையது. சட்டம் நான் வெல்டிங் செய்தது. இரண்டே இருக்கைகள், தாழ்ந்த மூக்கு. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று வாங்கிக்கொண்டு போகும்வரை ராஜாதான். மெதுவாகப் போனால் கொதிக்கும். மாப்பிள்ளை அழைப்போ மேளக்காரர்கள் நடக்கிற வேகத்தில்தான் போகும்.

ஒரு புதிர் இருந்தது. கொதித்து அடங்கியபின் பார்த்தால் டப்பா நிறையத் தண்ணீர் இருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். அந்த டப்பாவின் வேலை லேசானது. எஞ்சின் சூடானால் ரேடியேட்டரில் மிஞ்சும் தண்ணீர் ஒரு சின்ன ஓஸ் வழியாக டப்பாவுக்குள் போகும். ஆறினால் ரேடியேட்டர் அதே ஓஸ் வழியாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். என் காரில் போனது போனதுதான், திரும்புவதில்லை. விசிறியைச் சோதித்தேன், சரியாக ஓடியது. ரேடியேட்டர் மூடியை மாற்றினேன், கசிவைப் பற்றவைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஒரு காலையில் வயலில் கிணற்று மோட்டாரைப் போட்டேன். மோட்டார் உறுமியது, குழாயில் தண்ணீர் வரவில்லை. இருமலைப்போலக் காற்றுதான் வந்தது. நான் வழக்கம்போலக் கத்த ஆரம்பித்தேன். கசிவை அடைக்க என் மனைவி சாணியைக் கரைத்துக் குழாய் வாயில் ஊற்றப் போனவள், நடுவில் நின்று உறிஞ்சு குழாயின் இணைப்பில் காதை வைத்தாள்.

"சாணியெல்லாம் வேண்டாங்க. இங்க காத்து இழுக்குது. கெணறு நெறையத் தண்ணி கெடந்து என்ன, நடுவுல ஓட்ட இருந்தா காத்தத்தானே குடிக்கும்" என்றாள்.

சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றினோம். தண்ணீர் கொட்டியது. நான் அதைப் பார்க்கவே இல்லை. கிணறு நிறையத் தண்ணீர், குழாயில் காற்று. டப்பா நிறையத் தண்ணீர், ரேடியேட்டரில் காற்று. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் நான் இருபது வருஷத்துக்கு மேலாகப் பம்ப் பிரிவில் ஃபிட்டர். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். மெய்யாகவே குட்டிக்கொண்டேன், மனைவி பயந்துவிட்டாள்.

வீட்டுக்கு ஓடிவந்து ஓஸைப் பிடித்துப் பார்த்தேன். டப்பா ரேடியேட்டர் வாய்க்கு எதிர்ப்பக்கம் இருந்ததால் ஓஸ் எட்டாமல், சொட்டுநீர்க் குழாய்த் துண்டு ஒன்றை நடுவில் செருகி ஒட்டுப்போட்டிருந்தேன். அந்த ஒட்டு சூட்டில் இளகிக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றும் இருந்தது. டப்பாவுக்கு ஒரு சாண் தள்ளி, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சைலன்சர் குழாய். டப்பா அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த பானையாக இருந்தது. அது இருக்கும் இடத்தை மாற்றினால் இரண்டு தொல்லையும் ஒரே நாளில் ஒழியும்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "மொதல்ல ஏன் அந்தப் பக்கம் வச்சீங்க?"

"எடம் இல்ல" என்றேன்.

"எடம் இல்லையா? கொட்டகையில வண்டி கெழக்கப் பாத்து நிக்குது. டப்பா எடதுபக்க முன் மூலையில இருக்கு. அது ஈசானியம்தானே? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

என் முகம் போன போக்கு! வாஸ்து பார்க்கிறவர்களை ஊரெல்லாம் கேலி செய்கிறவன் நான். வாசற்படியை இடித்து மாற்றிய சொந்தக்காரனை வருஷக்கணக்கில் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் டப்பாவைப் பொருத்திய அன்று, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, தண்ணீருக்கு வடகிழக்குதான் நல்லது என்று அங்கே வைத்தேன். ஒரு செலவும் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

"வண்டி ரோட்டுல திரும்புனா மூலையும் கூடவே திரும்புமா?" என்று கேட்டாள். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டேன்.

ரேடியேட்டர் வாய் வலதுபக்கம். ஆகவே டப்பா போக வேண்டிய இடமும் வலதுபக்க முன் மூலைதான். கிழக்கே பார்த்து நிற்கும் காருக்கு அது தென்கிழக்கு, சாட்சாத் அக்னி மூலை. அங்கே தண்ணீரை வைப்பதைக் கேட்டால் வாஸ்துக்காரர் மயக்கம் போட்டு விழுவார். அங்கே இருந்த பேட்டரியைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோனேன். இரும்புப் பட்டையை வளைத்து டப்பாவுக்கு ஒரு தாங்கி செய்தேன். வலது கண்ணில் வெல்டிங் பொறி பட்டு ஒருநாள் முழுக்க அழுதேன். ஒட்டில்லாத புது ஓஸை ஒரு சாண் நீளத்தில் வெட்டி, இரு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினேன். ஓஸின் நுனி எப்போதும் தண்ணீருக்குள் முழுகியிருக்கும்படி டப்பாவின் அடிவரை இறக்கினேன். மஞ்சளைக் கழுவிவிட்டுப் பச்சைக் கூலண்ட் ஊற்றினேன். டப்பாவில் ஒரு கோடு போட்டேன். ஆறியபின் தண்ணீர் அந்தக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும்.

உச்சி வெயிலில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ரெட்டிபாளையம் சாலையில் ஊர்ந்தேன். லாரிக்காரர்கள் முந்திப்போகச் சொல்லிக் கை காட்டினார்கள். போகமாட்டேன் என்று தலையாட்டினேன். உடம்பெல்லாம் வெள்ளைப் புழுதி. டெம்பரேச்சர் முள் பாதிக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து எஞ்சின் ஆறும்வரை இருவரும் டப்பாவின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மேலே ஏறியிருந்த பச்சைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கோட்டில் வந்து நின்றது. மனைவி கைதட்டினாள். எனக்குக் கண் கலங்கியது. அதற்கு வெல்டிங் பொறி காரணமில்லை.

மாப்பிள்ளை அழைப்பன்று பெரம்பலூர் பிள்ளையார் கோயிலில் பொழுது சாய்கிற நேரத்தில் புறப்பட்டோம். பின்பக்கத் தகட்டின்மேல் ஜமுக்காளம் விரித்து மாப்பிள்ளையை உட்காரவைத்தேன். காருக்குப் பின்னால், பத்தடி தள்ளியே, புது வேட்டியில் சம்பந்தி நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் திருச்சி வாடகைக் கார், மாலை போட்டுத் தயாராக. மேளக்காரர்கள் முக்குக்கு முக்கு நின்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நாகஸ்வரக்காரர் ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார். கூட்டம் விசிலடித்தது. மாப்பிள்ளை சிரித்தான். நான் மட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி. இன்னும் பாதி. அந்தப் பாட்டு முடிவதற்குள் எனக்கு வயது கூடிவிட்டது, முள் அசையவில்லை. அதன்பிறகு எனக்கே ஒரு தெம்பு வந்து, மேளக்காரரைப் பார்த்து, "இன்னொண்ணு வாசிங்கண்ணே!" என்று கத்தினேன்.

மண்டப வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மருமகள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினாள். நானும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன்.

மறுநாள் தாலி கட்டியபின் சம்பந்தி என்னைத் தேடிவந்தார். "பானெட்டத் தொறங்க" என்றார். திறந்தேன். அன்று நின்ற அதே பக்கம் நின்று குனிந்தார். டப்பா எங்கே இருந்தது, எங்கே போனது, ஏன் போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்று மோட்டாரைச் சொன்னதும் தலையாட்டினார், அவருக்கும் கிணறு உண்டு. அக்னி மூலையை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

அவர் நிமிர்ந்து தன் ஆட்களிடம் சொன்னார்: "பொண்ணு மாப்பிள்ள இதுலயே வரட்டும். வாடகை வண்டியில நாங்க பின்னால வர்றோம்."

இரண்டே இருக்கைதான். அப்படியென்றால் நான் சாவியைக் கொடுத்தாக வேண்டும். மருமகளிடம் கொடுத்தேன். கூறைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில். "போயிட்டு வரேன் மாமா" என்று கிளம்பினாள். அரியலூர் சாலையில் அவள் போனதைப் பார்த்து என் தங்கை அழுதாள். நான் மனசுக்குள் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் விக்கிரமங்கலத்திலிருந்து போன் வந்தது. "வந்துட்டோம் மாமா. எங்கயும் நிக்கல." மனைவி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "காலையில தண்ணி திரும்பிச்சான்னு பாத்துச் சொல்லு" என்றாள்.

காலையில் ஒரு படம் வந்தது. பானெட் திறந்திருந்தது. டப்பாவில் பச்சைத் தண்ணீர் என் கோட்டில் நின்றது. மோதிரம் போட்ட சம்பந்தியின் விரல் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டியது. அந்த விரலுக்குப் பின்னால் அவர் வேட்டி தெரிந்தது, வெள்ளை வெளேரென்று.